ஜெபத்துக்காக மட்டும்

எங்கள் சபையில் இரண்டு வார்த்தைக்குப் பெரிய வல்லமை உண்டு. "ஜெபத்துக்காக மட்டும்" என்பதுதான் அது. அதை முன்னால் போட்டுவிட்டால், பின்னால் யாருடைய குடும்பத்தை வேண்டுமானாலும் நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தலாம். புறங்கூறுவது பாவம் என்று பாஸ்டர் வருடத்துக்கு நான்கு தடவையாவது பிரசங்கம் பண்ணுவார். நாங்களும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே "ஜெபத்துக்காக மட்டும் சொல்றேனுங்க" என்று ஆரம்பிப்போம்.

பீளமேட்டில் பம்பு கம்பெனிகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஹால் ஒன்றில் எங்கள் சபை கூடுகிறது. நான் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறேன். பெயர் மோகனப்பிரியா. குழந்தையம்மாளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. அவருக்குத் துரோகம் செய்தவர்கள் வரிசையில் எனக்கும் இடம் இருக்கிறது. அவர் அந்தரங்கத்தை இவள் ஏன் கிளறுகிறாள் என்று யாரும் பதற வேண்டாம். அது ஏற்கெனவே நாற்பத்தேழு போன்களில் கிடக்கிறது.

குழந்தையம்மாள் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பாக்கு உரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கோவைக்கு வந்து நூல் மில்லில் சேர்ந்தார். அங்கே பக்கத்து மெஷினில் நின்ற பங்காரம்மாதான் அவரை முதன்முதலில் சபைக்குக் கூட்டி வந்தது. ஞானஸ்நானத்தின்போது அப்போதிருந்த பாஸ்டர், எஸ்தர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாமே என்றாராம். "ஏனுங்க, என்ற பேரு தெரியாமயா ஆண்டவர் என்னயக் கூப்பிட்டாரு?" என்று கேட்டிருக்கிறார் இவர். கேட்டது ஈரத்துணியோடு நின்றுகொண்டு. குழந்தையம்மாள் குழந்தையம்மாளாகவே தண்ணீரிலிருந்து ஏறினார்.

மில் மூடியபிறகு ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தார். நூற்றிருபது பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சமையல். கணவர் சுப்பண்ணன் ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அவர் சபைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் மனைவியை டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிற எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது எவ்வளவோ மேல்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்தான் குழந்தையக்காவின் பிள்ளைகள். ஹாலுக்குப் பக்கத்து கார் ஷெட்டில் பாய் விரித்து வகுப்பு நடத்துவார். கதை சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். "சரி, திங்கக்கெழம என்ன பண்ணுவ?" அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதை என்றால், "பஸ்சுல எந்திரிச்சு எடம் குடுப்பேன்" என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும். அவர் விடமாட்டார். "ஆருக்குக் குடுப்ப? உனக்குப் புடிக்காதவ பேரு ஒண்ணு சொல்லு. அவளுக்குக் குடு. அப்பத்தான் அது இந்தக் கதையில சேரும்." அடுத்த ஞாயிறு அதை மறக்காமல் விசாரிப்பார். வேதத்தை ஞாயிற்றுக்கிழமையோடு மடித்து வைத்துவிடுகிற நாங்கள் அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே செருப்பைத் தேடுவோம். நல்லவேளையாக அவர் பெரியவர்களிடம் கேட்பதில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் நான் அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன். என் கணவருக்குக்கூடத் தெரியாத விஷயம். என்ன என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. விடுதிச் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "வெசனப்படாத கண்ணு" என்றார். அதோடு சரி. இந்த நாள்வரை அது அவரிடமிருந்து ஒரு சொல்லாகக்கூட வெளியே வந்ததில்லை. அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் கண்ணு. வா, போ என்றுதான் பேசுவார். எங்கள் பக்கத்தில் பால்காரரிலிருந்து நாய்க்குட்டிவரை எல்லோருக்கும் 'ங்க' போடுவோம். அதைப் போடாமல் ஒருவர் நம்மைக் கூப்பிட்டால், ஒன்று சண்டைக்காரர், இல்லை சொந்த மனுஷி.

போன வருடம் சுப்பண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். பதினொரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டிபோட்டு ஜெபித்தார் அக்கா. பன்னிரண்டாம் நாள் அடக்கம். அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறுகூட வகுப்பை விடவில்லை. திடமான விசுவாசம் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்காவும் பங்காரம்மாவும் சேர்ந்து ஜெபிப்பது முப்பது வருடப் பழக்கம். அப்படி ஒரு செவ்வாயில் அக்கா தன் சிநேகிதியிடம் மனதைத் திறந்திருக்கிறார். அவர் சொன்னதை அவர் வாயாலேயே பின்னால் கேட்டேன். "பங்காரு, எட்டு மாசமா முட்டி போட்டா செவுத்தத்தான் பாக்கறேன். அந்தப் பக்கம் ஆரும் இருக்கற மாதிரியே தெரியல. பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறப்ப மட்டும் அவர் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்குது. அந்த ஒரு மணி நேரத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன்." இதைத்தான் சொன்னார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார்.

மறுநாள் காலை நாற்பத்தேழு பேர் இருக்கும் எங்கள் பெண்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் பங்காரம்மாவின் செய்தி வந்தது. "ஜெபத்துக்காக மட்டும். நம் சபையில் ஞாயிறு பள்ளி ஊழியம் செய்யும் ஒரு விதவைச் சகோதரி விசுவாசத்தில் பின்வாங்கிப் போயிருக்கிறார். எட்டு மாதமாக ஜெபமில்லை. பெயர் வேண்டாம். நம் பிள்ளைகளின் ஆத்துமாவுக்காகவும் பாரத்தோடு ஜெபிப்போம்."

பெயர் வேண்டாமாம்! எங்கள் ஞாயிறு பள்ளியில் டீச்சர்களே இரண்டு பேர். இன்னொருவர் பாஸ்டரின் மனைவி. பாஸ்டர் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்.

கீழே முப்பத்தொரு ஆமென் விழுந்தது. ஒன்பதாவது என்னுடையது. நான் ஜெபித்தேனா என்றால், இல்லை. சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். கம்பெனியில் டீ நேரத்தில் இன்னொருத்தியிடம் சொன்னேன். குழந்தையக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். சபையின் எழுபது வீட்டுக்கும் தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது.

அந்த ஞாயிறு வகுப்புக்கு வழக்கமாக வரும் பத்தொன்பது பிள்ளைகளில் மூன்று பேர்தான் வந்தார்கள். மற்றவர்களை அம்மாக்கள் பெஞ்சில் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அக்காவின் கையைப் பிடித்து, "உங்களுக்காக ஜெபிக்கறோமுங்க" என்றார்கள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் பாஸ்டரம்மா வந்து, "கொஞ்ச நாளைக்கு ஓய்வு எடுத்துக்கோங்கக்கா. கிளாச நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். "கண்ணு, உங்க எல்லார் போனுலயும் என்னயப் பத்தி என்னமோ வந்திருக்குதாமா. படி."

படித்தேன். ஆமென்கள் கண்ணில் படாதபடி சட்டென்று போனை அணைத்துவிட்டேன்.

"மிச்சம் எங்க?" என்றார்.

"இவ்வளவுதானுங்கக்கா."

"பசங்களச் சொன்னேனே. அந்த ஒரு மணி நேரத்தச் சொன்னேனே. அது எங்க?"

அது இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஜெபம் வரவில்லை என்று ஊருக்குத் தெரிந்ததில்கூட அவ்வளவு அடி விழவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சிநேகிதியிடம் காட்டினாரோ, அதையே பார்த்துப் பிடுங்கியிருக்கிறார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள், அல்லது வேறு சபைக்குப் போயிருப்பார்கள். கோயம்புத்தூரில் சபைக்கா பஞ்சம்? அக்கா தன்னிடமே திங்கட்கிழமைக் கேள்வியைக் கேட்டுக்கொண்டார். சகோதரன் உனக்குத் தப்பு செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல்லு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிப்போ, அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல்லு என்று வேதத்தில் வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். யாரும் நடந்து பார்த்ததில்லை.

அக்கா முதலில் தனியாகப் போனார். பங்காரம்மா அழுதார், கட்டிப்பிடித்தார், அக்காவின் தலையில் கைவைத்துப் பத்து நிமிடம் சத்தமாக ஜெபித்தார். அக்கா வீடு போய்ச் சேருவதற்குள் குழுவில் அடுத்த செய்தி வந்துவிட்டது. "ஜெபத்துக்காக மட்டும். அந்தச் சகோதரியிடம் இப்போது கசப்பும் காணப்படுகிறது."

இரண்டாவது தடவை சாட்சியாக என்னைக் கூப்பிட்டார். "ஒண்ணு இல்லீன்னா ரெண்டு பேருன்னுதான் இருக்குது. நீ ஒருத்தி போதும் கண்ணு" என்றார். அவ்வளவு நம்பிக்கை.

பங்காரம்மா எங்களுக்குக் காப்பியும் பருப்பு வடையும் வைத்தார். அக்கா எதையும் தொடவில்லை.

"பங்காரு, உன்னயத் திட்ட வரல. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். நீ உட்டுப்போட்ட பாதியையும் அதே குரூப்புல போடு. பசங்களோட இருக்கறப்பத்தான் அவளுக்கு ஆண்டவர் தட்டுப்படறாருன்னு போடு. கிளாசு எனக்குத் திரும்பி வந்துரும்."

"அதப் போட்டா நான் மொதல்ல பொய் சொன்ன மாதிரி ஆயிருமுங்கக்கா."

"பொய்யின்னு நானா சொன்னேன்? பாதியின்னுதான சொல்றேன்."

"நான் பாரத்தோட போட்டதுங்க. பொறணி பேசறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? மோகனப்பிரியாவக் கேளுங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அம்மணி. அத நீங்க பொறணியாவா எடுத்துக்கிட்டீங்க? ஒன்பதாவது ஆளா ஆமென் போட்டது நீங்கதானுங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். ஆமென் போட்டது அவருக்கு அப்போதுதான் தெரியும். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆமாங்க, பொறணியாத்தான் எடுத்துக்கிட்டேன், பொறணியாத்தான் பேசுனேன். அதைச் சொன்னால் அடுத்த ஜெபக்குறிப்பு நானாகிவிடுவேன். என் பெயரும் வேண்டாம் என்றுதான் போடுவார், எல்லோருக்கும் தெரியும்படி.

"ஜெபக்குறிப்பாத்தானுங்க எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்வரை அக்கா எனக்கு முன்னால் நடந்தார். பிறகு, "பயந்துபோட்ட. பரவால்ல கண்ணு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாவது, சபையிடம் சொல்வது. பாஸ்டரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேச நேரம் கேட்டார். பாஸ்டர் கெட்டவர் இல்லை. தகராறு என்றால் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

"திருவிருந்து ஞாயிறு வருதுங்க. மன்னிச்சுருங்கக்கா. மன்னிப்புதான் நம்ம போதனையே."

"மன்னிக்கறதுன்னா அவ என்ன பண்ணுனான்னு அவளுக்கு மொதல்ல தெரியோணுமுங்களே."

"இதப் பெருசு பண்ணுனா சபைக்குக் கெட்ட பேருங்க."

"என்ற பேரு போறப்ப ஆரும் அதச் சொல்லலீங்களே, பாஸ்டர்."

நேரம் கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு மரப்பெட்டி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் சீட்டில் ஜெபக்குறிப்பு எழுதிப் போடலாம். ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார்கள், எல்லோரும் கண்ணை மூடி ஜெபிப்போம். வாசிக்கிறவர் வருடக்கணக்காகப் பங்காரம்மாதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா என்னை விடுதிக்கு வரச்சொன்னார். "என்ற எழுத்து புரியலைன்னு சொல்லிப்போடுவா. நீ எழுது கண்ணு." அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

"ஜெபத்துக்காக மட்டும். பெயர் குழந்தையம்மாள். எட்டு மாதமாக எனக்கு ஜெபம் வரவில்லை. அது உண்மை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் ஆண்டவர் என் பக்கத்தில் இருக்கிறார். அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் என் சிநேகிதியிடம் சொன்னேன். உங்களுக்கு ஒன்றுதான் வந்தது. அவளை மன்னிக்க முட்டிபோட்டேன், முடியவில்லை. என் வகுப்பை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். அங்கே இருந்தால் முடியும் என்று நினைக்கிறேன்."

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். "தப்பில்லாம எழுதியிருக்கற" என்றார். அன்று அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட். காலையில் நாற்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். அக்கா எனக்கு முன்வரிசை. கல்லடைப்பு, மருமகளுக்குக் குழந்தை, மகனுக்கு விசா என்று சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஆறாவதாக என் கையெழுத்து வெளியே வந்தது. மடிப்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெபத்துக்காக மட்டும். பெயர் குழந்தையம்மாள்" என்று பங்காரம்மா வாசித்தார். எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. "எட்டு மாதமாக எனக்கு ஜெபம் வரவில்லை. அது உண்மை." நிறுத்தினார். அவர் கண் மட்டும் கடைசி வரிவரை போய்விட்டு வந்தது. காகிதத்தை நான்காக மடித்தார். "அக்கா தன் வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. எவ்வளவு தாழ்மை பாருங்க. எல்லாரும் கண்ண மூடி, அக்காவுக்காகப் பாரத்தோட ஜெபிப்போமுங்க."

மறுபடியும் பாதி! அதே பாதி! அந்தச் சீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று அந்த ஹாலில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருத்தி மடித்துவிட்டாள். இன்னொருவர் எழுதச் சொன்னவர். மூன்றாவது ஆள் நான். என் கையால் எழுதியது. எழுந்து, "அதுல இன்னும் இருக்குதுங்க" என்று சொன்னால் போதும்.

அக்கா திரும்பிப் பார்த்தார். பங்காரம்மாவை அல்ல, என்னை. சாட்சி என்று ஒரே ஒருத்தியைத்தானே வைத்திருந்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபிக்கிறவளைப் போல.

சுற்றிலும் நாற்பது பேர் அவர் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபிக்கிற இரைச்சல். அது அடங்கிக் கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் இடம் காலியாக இருந்தது. விடுதியில் மதியச் சோறு வடிக்க நேரமாகியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

அவர் சபையை விட்டுப் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. அந்த ஞாயிறு திருவிருந்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பமும் திராட்சை ரசமும் வரிசையாக வந்தபோது, எடுத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கு நகர்த்தினார். யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு வா என்று அவரேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பங்காரம்மா எடுத்தார். நானும் எடுத்தேன். கார் ஷெட்டில் பங்காரம்மாவின் மருமகள் டிவி வைத்து கார்ட்டூன் போட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. திங்கட்கிழமை என்ன பண்ணுவாய் என்று அங்கே இப்போது யாரும் கேட்பதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டு விடுதிக்குப் போனேன். போய் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அக்கா பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க. உக்காருங்க."

யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அக்கா, என்னயவா?"

"வீட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? காப்பி குடிக்கறீங்களாங்க?"

குரலில் கோபம் இல்லை. விடுதி வார்டனிடம், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் பேசுவாரே, அந்த மரியாதை. பதினொரு வருடத்தில் எனக்கு அவர் அதைக் கொடுத்ததில்லை.

"அக்கா, வெள்ளிக்கெழம நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க முன்ன சொன்னது எங்கிட்டயேதான் இருக்குதுங்க. அது எங்கயும் போகாது. பயப்படாமப் போயிட்டு வாங்க."

நான் அதற்காகத்தான் வந்தேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. பாதி அதற்காகத்தான் வந்திருந்தேன்.

அவர் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். வழக்கமாகக் கொடுக்கும் எவர்சில்வர் டம்ளரில் இல்லை. விருந்தாளிகளுக்கென்று மேல் ஷெல்ஃபில் வைத்திருக்கும் பூப்போட்ட பீங்கான் கப்பில், கீழே சாசர் வைத்து.

"சக்கரை போதுமுங்களா பாருங்க" என்றார்.